நேர்ந்துவிட்ட சேவலும் கழுத்துமொட்டைக் கோழியும்

பிள்ளைகளா, நம் வீட்டுப் பின்பக்கம் இருந்த கோழிகள் ஒரே வாரத்தில் ஏன் இல்லாமல் போயின என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். பெரியவள் ஒரு தரம் கேட்டு, நான் சொன்ன பாதி பதிலோடு விட்டுவிட்டாள். சின்னவள் வாயால் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் அவள் முகத்தில் இருக்கிறது. சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நோய் வந்தது, கோழி செத்தது என்று முடிக்கிற சங்கதி இல்லை இது. ஒரே தடவை வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்போம். இந்த நோய் போகும், மறுபடி வரும். இனிமேல் பயமில்லை என்று நாம் மூச்சுவிடுகிற நேரம் பார்த்து வரும். மூன்று ஆடி மாதம் வந்து போகும்வரை இப்படித்தான் இருந்தது. அத்தனை காலமும் எனக்கு ஒரே ஒரு கோழியைப் பற்றித்தான் பயம். அது சின்னவளுடைய கழுத்துமொட்டைக் கோழி.

சின்னவளே, அது வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. புரட்டாசியில் உனக்கு டெங்கு காய்ச்சல். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணு குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். உன் உதடு வெளுத்து, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து மூடினாய். வார்டுக்கு வெளியே நடையில் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மா திடீரென்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"எம்புள்ள எழுந்து நடக்கட்டும் தாயே. எங்க வூட்ல ஓடுற செவலைச் சேவலை ஆடி மாசத்துல உனக்கே குடுக்கிறேன்."

தாயே என்றது அவள் பிறந்த ஊர் அம்மனை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய குப்பம் அது. கடலுக்குப் போகாத நாட்களில் அந்த அம்மனுக்குப் பூசை செய்கிறவர் அம்மாவின் அண்ணன், உங்கள் மாமா. செவலைச் சேவல் என்றது, நாம் இருக்கிற வீட்டில், திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையோர வீட்டில், அப்போது பொறுப்பாகக் கூவிக்கொண்டிருந்த ஒரே சேவலை.

நீ எழுந்தாய். வீட்டுக்கு வந்தாய். பள்ளிக்கூடம் போகத் தெம்பில்லை. பின்வாசல் படியில் ஒரு பழைய பாயைப் போட்டு உட்கார வைப்போம். அந்த வாரம் ஒரு பெட்டை குஞ்சு பொரித்தது. கடைசி முட்டை ஒன்று தாமதமாகப் பொரிந்தது. தாய்க்கோழி மற்ற குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயப் போய்விட்டது. அக்கா அந்த ஒற்றைக் குஞ்சை அட்டைப் பெட்டியில் போட்டு, குண்டு பல்பு மாட்டி, உன் பக்கத்தில் வைத்தாள். ஈரம் காய்ந்ததும் பார்த்தால் கழுத்தில் ஒரு மயிர் இல்லை.

"ப்பா, இதுக்கும் காய்ச்சல் வந்து முடி கொட்டிச்சா?"

"இல்லம்மா, அந்த ஜாதியே அப்படித்தான்."

நீ நம்பவில்லை. நீ குடிக்கிற கஞ்சியில் விரலைத் தொட்டு அதன் மூக்கில் வைத்தாய். நீ எழுந்து நடமாடினபோது அதுவும் உன் பின்னால் நடமாடியது. பெட்டையான பிறகு கூண்டில் முட்டை வைக்காமல் என் ஹெல்மெட்டுக்குள் வைக்கும். அதை எழுப்ப மனமில்லாமல் நான் எத்தனையோ நாள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போயிருக்கிறேன்.

சேவலுக்கு அம்மா மஞ்சள் துணியைக் கிழித்துக் காலில் கட்டினாள். அன்றிலிருந்து அது நம் வீட்டுச் சேவல் இல்லை, அம்மன் சேவல். அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, விற்கக் கூடாது, வேறு எதற்கும் அறுக்கக் கூடாது. அந்தப் பயல் அதைப் புரிந்துகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். முறத்தில் காய்கிற அரிசியை நடுவில் நின்று தின்பான். துவைத்துப் போட்ட என் யூனிபார்ம் மேல் நடப்பான். மற்றக் கோழி அடுக்களையில் காலை வைத்தால் துடைப்பத்தை எடுக்கிற உங்கள் அம்மா, அவன் வந்தால் மட்டும், "வாங்க தொர, நாஸ்தா ஆச்சா?" என்பாள்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து மழை பிடித்தபோதுதான் முதலில் நோய் வந்தது. பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்த பிறகு கூண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். ஈரத் தொண்டையில் யாரோ மெல்ல அரத்தைத் தேய்ப்பது மாதிரி கரகரவென்று. மறுநாள் பார்த்தால் சிலதுக்கு மூக்கில் நீர், கண்ணோரம் நுரை. சேவலுக்கு ஒரு பக்க முகமே வீங்கியிருந்தது. அம்மா சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், கற்பூரவள்ளி அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயிலும் போட்டாள். சாம்பிராணி போட்டோம். பிறகு நான் கால்நடை மருந்தகத்துக்குப் போய்த் தண்ணீரில் கலக்கிற பொடி வாங்கி வந்தேன். இரண்டு செத்தன. மற்றவை தேறின. உன் கழுத்துமொட்டை அப்போது சின்னக் குஞ்சு. இரண்டு நாள் தும்மியது, பிறகு சரியாகிவிட்டது. தொல்லை போயிற்று என்று இருந்தோம்.

மாசிப் பனியில் மறுபடி வந்தது. மறுபடி பொடி, மறுபடி தேறின. ஆடி பிறந்தபோது சேவலைக் கூடையில் வைத்துக் குப்பத்துக்குக் கொண்டு போனோம். மாமா அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, ஒத்தக் கண்ண மூடிக்கினு கீது? எம்மேல கோவமா?"

"மழைக்கு வந்த வீக்கம் மச்சான். இன்னும் வத்தல."

"அய்ய, இத்த எப்டி அவ முன்னால நிறுத்துறது? கண்ணு, காலு, கொண்ட, ஒண்ணும் பழுது இருக்கக்கூடாது. சீக்கு சேவலக் குடுத்தா, உம்பொண்ண நல்லாக்கிக் குடுத்தவளுக்கு நீ இத்தயா குடுக்குறன்னு கேக்கமாட்டா?"

"வேற சேவல் வாங்கிக் குடுத்துடலாமா?"

"வாங்கிக் குடுத்தா அது கறி மாப்ள. நேர்ந்துகினது இது. நல்லாவட்டும், அடுத்த ஆடிக்கு எடுத்துகினு வா."

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் சேவல் கூடைக்குள்ளிருந்து தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தது.

அடுத்த மழைக்கு மறுபடி. ஒவ்வொரு தடவையும் கூட்டம் கொஞ்சம் குறையும். அடைக்கு வைத்துப் பொரித்த குஞ்சுகளில் பாதி கண் வீங்கிப் போகும். கம்பெனியில் நான் வேலை செய்கிற லைனுக்குள் போன் கொண்டு போக முடியாது. டீ நேரத்தில் லாக்கரைத் திறந்தால் அம்மாவின் மிஸ்டு கால் இருக்கும். அதைப் பார்த்ததுமே ஒன்று போய்விட்டது என்று தெரிந்துவிடும். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர், "இன்னா அண்ணாத்த, இன்னிக்கு எத்தினி விக்கெட்?" என்று கேட்பார். முதலில் நானும் சிரித்தேன். ஒரு நாள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை.

இரண்டாவது ஆடியிலும் சேவல் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. குப்பத்துக்குக் கொண்டு போகக்கூட இல்லை.

அந்த வருஷக் கார்த்திகையில் ஒரு தாய்க்கோழியும் அதன் குஞ்சுகளும் ஒட்டுமொத்தமாகப் போயின. செத்த கோழியை ஒரு பையிலும் சேவலை ஒரு கூடையிலும் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன். அங்கே புதிதாக ஒரு டாக்டர் அம்மா வந்திருந்தார். செத்ததை அறுத்துப் பார்த்தார். உள்ளே மூச்சுப் பை எல்லாம் தயிர் கட்டின மாதிரி இருந்தது. பிறகு சேவலின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"மருந்து குடுக்குறீங்க, தேறிடுது, சரியாப் போச்சுன்னு நெனைக்கிறீங்க. இல்லையா?"

"ஆமாம்மா."

"தேறினதுதான் அண்ணா பிரச்சினை. நோய் அது உடம்பை விட்டுப் போறதில்ல. பதுங்கிக்கிடும். மழை, பனி, ஈரக்காத்து வந்தா எழுந்துக்கும். இருமினா பக்கத்துல இருக்கிறதுக்குப் போகும். முட்டை வழியா குஞ்சுக்கும் போகும். வெளிய இருந்து யாரும் கொண்டு வரல. உங்க கூண்டுக்குள்ளயே இருக்கு."

"இன்னா பண்றதும்மா?"

"மொத்தத்தையும் எடுத்துடணும். கூண்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சு, கொஞ்ச மாசம் வெறுமனே வெயில்ல காயவிடணும். அப்புறம் நோயில்லாத குஞ்சா வாங்கி ஆரம்பிக்கலாம். பார்க்க நல்லா இருக்குதேன்னு ஒண்ணை மட்டும் மிச்சம் வெச்சாலும் பண்ணினது எல்லாம் வீண்."

நான் சேவலின் காலில் கட்டியிருந்த மஞ்சள் துணியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க வீட்லயும் நேர்ந்துப்பாங்க. அதுல நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனா சீக்கிரம் முடிங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சேவல வெட்டிப் பொதைச்சிடலாம்ங்குற. சரி. நாளைக்கு நம்ம சின்னதுக்கு உடம்பு சுட்டா நான் எங்க போய் நிக்கறது? உன் டாக்டரம்மா வந்து நிப்பாளா?"

"அவங்க மனுஷங்களுக்குப் பாக்குற டாக்டர் இல்லம்மே."

"ஜோக்கு அடிக்காத."

நான் ஜோக்கு அடிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்கள் பெரிய படிப்புப் படித்த பிறகு, அம்மாவுக்கு அறியாமை என்பீர்கள். அப்படிச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரி நடையில் அவள் கையைத் தூக்கினபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கும் வேறு யாரும் இல்லை.

ஆக, சேவலைத் தீர்க்காமல் நோய் தீராது. நோய் தீராமல் சேவல் அம்மனுக்கு ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இன்னும் எட்டு மாதம் ஓட்டினோம். அதற்குள் பெரியவள் கூண்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். "எதுக்குப் பாக்கணும், நாளைக்குச் செத்துடும்" என்றாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயசு. சின்னவளே, நீ மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடுவாய். உன் கோழி இரண்டாம் தடவையும் படுத்தது. மூன்று நாள் நீ அதற்குத் துணியை வெந்நீரில் நனைத்துக் கண் துடைத்தாய். எழுந்துவிட்டது. "நானும் எழுந்தேன்ல, அது மாதிரி இதுவும்" என்று மாமாவிடம் போனில் பெருமையாகச் சொன்னாய். டாக்டர் அம்மா சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. தேறினதுதான் பிரச்சினை.

மூன்றாவது ஆடிக்கு அம்மா ஒரு வேலை செய்தாள். ஆனி பிறந்ததுமே சேவலைக் கூண்டிலிருந்து பிரித்து வீட்டுக்குள், டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே கட்டிப் போட்டாள். தனித் தண்ணீர், தனித் தீனி, நேரத்துக்கு மருந்து. வீடு நாறியது. விருந்தாளி யாராவது வந்தால் விளம்பரத்துக்கு நடுவில் கூவும். ஆனால் வீக்கம் வற்றிவிட்டது. கண் இரண்டும் திறந்தன. கொண்டை சிவந்தது. பார்ப்பதற்கு முழுச் சேவல்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் சேவலோடு பஸ் ஏறினோம். வயர் கூடையிலிருந்து தலையை நீட்டி அது எல்லோரையும் பார்த்துக்கொண்டு வந்தது. கண்டக்டர், "பெரியவரு எங்க எறங்குறாரு?" என்று கேட்டதும் நீங்கள் இரண்டு பேரும் சிரித்ததும் நினைவிருக்கிறதா? அன்றைக்கு உங்கள் அம்மாவும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

குப்பத்தில் கூழ் ஊற்றுகிற நாள். வலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, படகுகளுக்கு நடுவில் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் பார்த்தீர்கள். கொண்டு வந்த சேவலை அம்மன் முன்னால் நிறுத்தி, வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளிப்பார்கள். சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அம்மன் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தாள் என்று அர்த்தம். அதற்கு உத்தரவு என்று பெயர். சிலுப்பாவிட்டால் தொடமாட்டார்கள், திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

நமக்கு முன்னால் வந்த சேவல்கள் எல்லாம் முதல் தெளிப்பிலேயே சிலுப்பின. நம்முடையது நின்றது. மாமா மறுபடி தெளித்தார். அசையவில்லை. கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. உங்கள் அம்மா முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆயா, இன்னா கொறை உனக்கு? ரெண்டு வருசமா காத்துகினு கீறாங்க, பாவம். வாங்கிக்க" என்று மாமா அம்மனிடம் சண்டை போடுகிற குரலில் சொல்லிவிட்டு மூன்றாவது முறை தெளித்தார்.

சேவல் அலகைத் திறந்தது. தொண்டைக்குள் அந்தக் கரகர. பிறகு தலையை இடமும் வலமுமாக வேகமாக உதறியது. மூக்கிலிருந்து ஒரு சொட்டு மணலில் விழுந்தது.

"உத்தரவு குடுத்துட்டாடோய்!"

பெண்கள் குலவை போட்டார்கள். பம்பை மேளம் முழங்கியது. சளி அடைத்த கோழி எப்படித் தலையை உதறும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காரியம் முடிந்து, கூழ் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தோம். நீங்கள் முன்னால் போனீர்கள். அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அது சளிக்கு ஒதறிச்சி."

"ம்."

"எனுக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வாங்கிக்கினா. வுட்டுடு."

அவள் மூன்று வருஷமாகச் சுமந்தது இறங்கிவிட்டது. நடையே வேறாக இருந்தது. அதே நேரத்தில் முன்னால் நீ ஒற்றைக் காலில் தாண்டிக்கொண்டு அக்காவிடம் சொன்னாய். "சேவல் போச்சு, சீக்கும் போச்சு. இனிமே என் கோழிக்கு ஒண்ணும் ஆவாது."

நான் காலிக் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

வீட்டில் மிச்சம் இருந்தது கொஞ்சம் பெட்டைகள். எல்லாமே படுத்து எழுந்தவை. எல்லாமே பார்க்க நன்றாக இருந்தன. அதிலும் உன் கழுத்துமொட்டைதான் பளபளவென்று, நல்ல கனமாக, நாள் தவறாமல் முட்டை வைத்துக்கொண்டிருந்தது. சீக்குக் கோழியை முடிப்பது கஷ்டமில்லை பிள்ளைகளா. அது படுகிற பாட்டைப் பார்த்தால் கையே தானாக வந்துவிடும். நன்றாக இருப்பதை எப்படி முடிப்பது? நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அம்மாதான், "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றாள். நானே சொன்னேன்.

நீ அழவில்லை. வக்கீல் மாதிரி பேசினாய்.

"நல்லாதானே கீது?"

"உள்ள இருக்கும்மா. வெளியே தெரியாது."

"அப்போ அத்த மட்டும் தனியா கட்டிப் போடலாம். சேவல போட்டோம்ல?"

"எத்தினி வருஷம் தனியா இருக்கும்? புதுக் கோழிங்க வந்தா காத்துல போவும்மா. நம்ம கையில, செருப்புல போவும்."

"புதுக் கோழி வேணாம். இது ஒண்ணு போதும்."

எதிர்வீட்டிலும் கோழி இருக்கிறது, அடுத்த தெருவிலும் இருக்கிறது, நம் கோழி வேலி தாண்டிப் போய் மேய்கிறது என்றேன். எதிர்வீட்டு அக்கா போன மழையில் தன்னுடைய கோழிகளைப் பறிகொடுத்து, நம் வீட்டுப் பக்கம் பார்த்தது எனக்குத் தெரியும். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

"அதோட முட்டைய?"

"முட்டை வழியாவும் போவும்மா."

மறுநாள் நாட்டுக்கோழி வாங்குகிற வியாபாரி வண்டியின் பின்னால் கூண்டைக் கட்டிக்கொண்டு தெருவில் சத்தம் கொடுத்தார். நான் போகவில்லை. அவரே கேட்டைத் தட்டினார்.

"அண்ணாத்த, கோழி கீதாமே? சீக்கு வந்து போனதுன்னாலும் பரவால்ல, குடு. நான் பாத்துக்கிறேன்."

"வேணாம்பா. குடுக்கறதா இல்ல."

அவர் போன பிறகு நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அப்போதுதான் உன் குரல் உடைந்தது.

"அவர்கிட்ட குடுத்துடுப்பா. வேற யார் வூட்லயாவது உயிரோட இருக்கும்ல. நான் கேக்க மாட்டேன். பாக்க வரணும்னு கூட கேக்க மாட்டேன்."

உன்னை மடியில் இழுத்து உட்கார வைத்து, அவர் அதைக் கொண்டுபோய் விற்கிற வீட்டிலும் கோழிகள் இருக்கும், உன்னை மாதிரி ஒரு பிள்ளை இருக்கும் என்று சொன்னேன். நீ மெதுவாக மடியிலிருந்து இறங்கிப் பின்பக்கம் போனாய்.

மற்றக் கோழிகளை முடிக்க மாமா உதவிக்கு வந்தார். சமைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். ஆனால் நம் வீட்டில் யாருக்கும் அது தொண்டையில் இறங்காது. எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். உன் கோழியை மட்டும் மாமாவிடம் கொடுக்கவில்லை. அதை நானே செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அன்று காலையில் நீ யூனிபார்ம் போட்டு, கோழியை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாய். அக்கா உன் பின்னால் நின்று உனக்குச் சடை பின்னினாள். கூண்டுப் பக்கமே வராதவள் அன்றைக்கு வந்தாள்.

"நான் ஸ்கூல்லேர்ந்து வரும்போது இருக்குமா?"

"இருக்காதும்மா."

"அப்ப அத்த துணி மூடின கூடைல வெச்சிடு. இருட்டா இருந்தா அதுக்குப் பயமா இருக்காது. தூங்கிடும்."

நீ சொன்னபடியே செய்தேன். உன் பழைய பாவாடையைத்தான் கூடை மேல் மூடினேன். கொஞ்ச நேரத்தில் அது உள்ளே அமைதியாகிவிட்டது. அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். அதற்கு வலி தெரியவில்லை என்பதை மட்டும் நீ நம்ப வேண்டும். அதன் உள்ளே என்ன இருந்தது என்று அறுத்துப் பார்க்கச் சொல்லி டாக்டர் அம்மா கேட்டிருந்தார். நான் பார்க்கவில்லை. ஒன்றுமில்லாமல் இருந்திருந்தால் பிறகு நான் எப்படி உன் முகத்தில் முழிப்பது?

கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தரையில் இருந்த பழைய மண்ணை ஒரு முழம் வெட்டி எடுத்தோம். மழை வந்தது, நின்றது. சாயங்காலத்தில் பின்பக்கம் சத்தமே இல்லை. அம்மா பல நாள் சோறு வடித்ததும் கோழிகளுக்கு ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு கதவுவரை போய் நின்றுவிடுவாள்.

தை மாதம் டாக்டர் அம்மா வந்து பார்த்துச் சரி என்றார். தடுப்பு மருந்து எல்லாம் போட்ட குஞ்சுகளாக மாமா எங்கேயோ அலைந்து வாங்கிக்கொண்டு வந்தார். கூடையைத் திறந்து, "வாடி குட்டி, மொட்டக் கழுத்து ஒண்ணு உனுக்குன்னே பொறுக்கியாந்தேன் பாரு" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நீ கையை நீட்டவில்லை. மாமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாய்.

"இதுக்கும் அந்த மாதிரி வந்தா?"

"வராம பாத்துக்குவோம்மா. இந்தத் தடவை ஆரம்பத்துலேர்ந்தே..."

"வந்தா இத்தயும் பண்ணுவியா?"

மாமா உனக்குப் பின்னால் நின்றுகொண்டு, இல்லை என்று சொல்லு என்று கண்ணைக் காட்டினார். அம்மாவும் அதையே எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அந்தக் குஞ்சை நீ வாங்கிக்கொண்டிருப்பாய்.

"வந்தா பண்ணித்தான் ஆவணும்மா" என்றேன்.

"அப்ப அக்கா பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போய்விட்டாய்.

அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டை வைக்க ஆரம்பித்துவிட்டன. இந்த வருஷம் தீபாவளி மழையும் வந்துவிட்டது. கூண்டில் ஒரு இருமல் இல்லை, ஒரு தும்மல் இல்லை. எதிர்வீட்டிலும் இல்லை. செய்தது சரிதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நீ இப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முன்வாசல் வழியாக வந்து முன்னறையிலேயே பையை வைத்துவிடுகிறாய்.

போன வாரம் மழை தூறிக்கொண்டிருந்தபோது நீ மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினாய். மாமா கொண்டு வந்த அந்தக் கழுத்துமொட்டை, இப்போது பெரிய பெட்டை, என்ன நினைத்ததோ, உன் பின்னாலேயே கேட்டுவரை வந்தது. நீ நின்றாய். உன் கை கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருந்தது. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ "போ" என்றாய். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னாய். கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டாய்.

அது கேட்டுக்கு உள்ளேயே நின்று நனைந்துகொண்டிருந்தது. ஈரம் அதற்கு ஆகாது. நான் போய்த் தூக்கி, துண்டால் கழுத்தைத் துடைத்து, கூண்டில் கொண்டுபோய் விட்டேன்.